அம்மா வைத்த இரண்டு கைநாட்டு

அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்தபோது ஐயர் என்னைக் கேட்ட முதல் கேள்விக்கே என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"அப்பா இருக்காரா?"

தலையை மழித்துக்கொண்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் இருக்கிற என் பெரியப்பா மகன்தான் வாயைத் திறந்தார்.

"இருக்காருன்னுதான் சாமி வச்சிக்கிறது. ஆள் ஊர்ல இல்ல."

"எந்த ஊர்ல இருக்கார்?"

"அது தெரிஞ்சா கூட்டியாந்திருக்க மாட்டோமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஐயர் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஆக வேண்டியதை முடித்துவிட்டு, சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வருஷம் திரும்பினதும் அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விடணும்னு வரும். அப்பா உயிரோட இருந்தா நீ விடவே கூடாது. அவர் இல்லைன்னா நீ விட்டே ஆகணும். நடுவுல ஒண்ணும் கிடையாது. விசாரிச்சு வை."

வேறொருவராக இருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பூட்டின கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறவன் நான். பாதி வழியில் திரும்பி வந்து நாலாம் தரம் இழுத்த நாளும் உண்டு. ஐயர் சொன்னதிலிருந்து எனக்கு ஒன்றுக்கு இரண்டு பயமாகிவிட்டது. உயிரோடு எங்கேயோ சோறு தின்றுகொண்டிருக்கிற மனிதருக்கு நான் எள் இறைத்துவிட்டால் அது அவரை ஏதாவது செய்துவிடுமோ என்று ஒரு பயம். செத்துப்போனவரை இத்தனை காலம் ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறோமோ என்று இன்னொன்று. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் குற்றம் என் பக்கம்தான் வந்து நின்றது. நான் ஒரே பிள்ளை. பங்கு போட்டுக்கொள்ள ஆள் இல்லை.

அப்பா உப்பளக் கூலி. மரக்காணத்தில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்தியெல்லாம் ஒரே குளமாகிவிடும். தை பிறந்து, தண்ணீர் வடிந்து, களிமண்ணை மிதித்து மறுபடி பாத்தி கட்டுகிறவரை உப்பளத்தில் ஒரு வேலையும் இருக்காது. அந்த மூன்று மாதம் ஆண்கள் வெளிவேலைக்குப் போவார்கள். பொங்கலுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் நாலாவது படித்த வருஷம் அப்பாவும் அப்படித்தான் போனார். பொங்கலுக்கு வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை.

அவரைப் பற்றி என்னிடம் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். உப்புத் தண்ணீரில் ஊறி முழங்காலுக்குக் கீழே வெளுத்துப்போன கால்கள். பீடி குடித்துவிட்டு வாய் கொப்பளிக்கிற சத்தம். முகம் சரியாக நினைவில்லை. போட்டோ கிடையாது.

அம்மா யார் கேட்டாலும் "வருவாரு" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. தாலியைக் கழற்றவில்லை. நெற்றியில் பொட்டில்லாமல் நான் அவளைப் பார்த்ததில்லை. எங்கள் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் உப்பை வாரிக் கரையேற்றுகிற நாளில் கற்பூரம் காட்டி, முதல் கூடையைத் தாலியோடு இருக்கிற ஒரு பெண்ணின் தலையில்தான் ஏற்றுவார்கள். புருஷனை இழந்தவர்கள் அன்றைக்குத் தள்ளி நிற்பார்கள். இரண்டாம் கூடையிலிருந்துதான் அவர்களுக்கு வேலை. எங்கள் மேஸ்திரிக்கு அம்மாவின் தலை ராசியான தலை. இடுப்பு முடியாமல் அவள் வேலையை விடுகிறவரை முதல் கூடை அவளுக்குத்தான்.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் தாண்டியபோது பெரியப்பா வீட்டுக்கு வந்தார். காணாமல்போனவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி செய்து கொளுத்திக் கருமாதி பண்ணிவிடலாமாம். சாஸ்திரத்தில் இடம் இருக்கிறதாம். அம்மா வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அதெல்லாம் வேணாம் மாமா. அவருக்கு ஒண்ணும் செய்ய வேணாம்."

"உம் புள்ளைக்குப் பொண்ணு பாக்கணும்மா. அப்பன் எங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்" என்றாள்.

கேட்கத்தான் செய்தார்கள். இரண்டு இடம் பேச்சு வந்தது. இரண்டாவது இடத்தில் பெண்ணின் தகப்பனார் நல்ல மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, அப்பா இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, ஒத்துக்கறோம். இருக்காருன்னா கூட்டியாந்து மணையில உக்கார வைங்க. வருவாரு வருவாருன்னா நான் என் சம்பந்திய எங்கன்னு போய்த் தேடுவேன்?" அம்மா பக்கத்தில்தான் நின்றாள். காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் எனக்கே பெண் பார்க்கப் போகிற தைரியம் இல்லாமல் போய்விட்டது. நானும் அம்மாவும் ஒரு வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு பாய் என்று வயதாகிக்கொண்டே வந்தோம்.

அவள் போனபோது பூவும் மஞ்சளுமாகச் சிவப்புப் புடவை கட்டித்தான் எடுத்தோம். தெருப் பெண்கள் எல்லோரும் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுக் குங்குமம் எடுத்துக்கொண்டார்கள். "குடுத்து வச்சவ" என்றார்கள். வீட்டில் ஒரு தட்டு மிச்சமானது.

அந்த மழைக்காலமே தேட ஆரம்பித்தேன். உப்பளத்தில் வேலை இல்லாத நாட்கள்; குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். அஞ்சாவதோடு நின்றவன், ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். பேப்பர்கள் நனைந்துவிடுமோ என்று பிளாஸ்டிக் கவருக்குள் இன்னொரு கவர் போட்டு வைத்திருந்தேன். அதற்குள் அம்மாவின் ரேஷன் கார்டும் என் ஆதாரும் மட்டும்தான் இருந்தன.

"எந்த வருஷம் செத்தாரு?" என்று கேட்டார் பதிவேடு பார்க்கிறவர்.

"செத்தாரான்னுதாங்க தெரியணும்."

"அப்போ நான் எதைத் தேடறது?"

"இருக்காதுன்னு தேடுங்க சார்."

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். அவர் கொட்டாவியைத்தான் அடக்கிக்கொண்டிருந்தார். பழைய பதிவேடெல்லாம் திண்டிவனத்தில் இருக்கின்றன என்றார். திண்டிவனம் போனேன். வருஷம் தெரியாவிட்டால் ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியாக மனு போட வேண்டும் என்றார்கள். போட்டேன். ஒவ்வொன்றுக்கும் சில வாரம் கழித்து ஒரு காகிதம் வந்தது. சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு, பதிவேடுகளைத் தேடிப் பார்த்ததில் மேற்படி நபரின் இறப்புப் பதிவு காணப்படவில்லை என்று எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படிப்பேன். முதலில் ஒரு நிம்மதி வரும். இல்லை என்றால் இருக்கிறார். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் அந்த நிம்மதி போய்விடும். இருக்கிறார் என்றால், அம்மா செத்ததுகூடத் தெரியாமல் எங்கே இருக்கிறார்?

அப்படி ஐந்து காகிதம் சேர்ந்தது. அம்மாவுக்கு வருஷ திதி வந்து போயிற்று. ஐயர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தை அமாவாசைக்குள்ள ஒரு முடிவுக்கு வா" என்றார்.

எங்கள் தாலுகா ஆபீஸுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வாசலில் மடக்கு மேசை போட்டு மனு எழுதித் தருகிற ஒரு அம்மா இருக்கிறார். என்னைவிட வயது குறைச்சல். வாய் ரொம்ப ஜாஸ்தி. ஆறாவது மனுவுக்காக அவரிடம் போய் நின்றபோது என் கவரை வாங்கி உள்ளே பார்த்தார்.

"இன்னாண்ணே, ஊர் உலகமெல்லாம் சர்டிபிகேட் சேக்கறாங்க. நீங்க இல்ல இல்லன்னு எழுதிக் குடுத்த பேப்பரா சேக்கறீங்க?"

நான் விஷயத்தைச் சொன்னேன். மழை நீர் கடைத் தார்ப்பாயிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு ஆள் செத்தா எங்க எழுதுவாங்க?"

"அவங்க ஊர்ல."

"யாரு சொன்னது?"

"அதானே வழக்கம். ஊர்க்காரன் செத்தா ஊர்லதானே எழுதணும்?"

"அண்ணே, எந்த எடத்துல உசுரு போச்சோ அங்கதான் எழுதுவாங்க. நீங்க மரக்காணத்துக்காரருன்னு செத்தவரு எழுந்து வந்து இங்க பேரு குடுப்பாரா? மழைக்காலத்துல உங்க ஆளுங்க எந்தப் பக்கம் வேலைக்குப் போவாங்க?"

"பாண்டிப் பக்கம்."

"பாண்டி யாரு கவர்மெண்டு?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. கீழ்புத்துப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேறு அரசாங்கம் வந்துவிடும் என்பது பிராந்திக் கடை போர்டைப் பார்த்தாலே தெரியும். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெட்ரோல் அங்கே வேறு விலை, பஸ் அங்கே வேறு நிறம். சாவைப் பதிவதற்கும் அந்தக் கோடு உண்டு என்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் அப்பாவை எங்கள் பக்கத்தில் மட்டுமே தேடிக்கொண்டிருந்தோம்.

"அங்கயும் வருஷம் கேப்பாங்களே" என்றேன்.

"அவரு போனப்ப நீங்க எத்தனாவது?"

"நாலாவது. மறு வருஷம் நான் நின்னுட்டேன்."

"அப்ப மொதல்ல ஸ்கூலுக்குப் போங்க. நின்ன தேதி ரிஜிஸ்டர்ல இருக்கும். அதுல இருந்து முன்னயும் பின்னயும் பாக்கச் சொல்லலாம்."

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். அஞ்சாவதில் காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் முட்டை வாங்கினேன். வாத்தியார் அம்மாவை வரச் சொல்லியிருந்தார். அதற்குக் கொஞ்ச நாளில் அம்மா என்னை நிறுத்திவிட்டாள். மக்குப் பிள்ளையைப் படிக்க வைத்துப் புண்ணியமில்லை என்று நிறுத்திவிட்டாள் என்றே இருந்துவிட்டேன். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டு, நாற்பது வருஷத்துக்கும் மேலாக, ஒரு சில்லறைக் கணக்குப் போடும்போதுகூட யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன்.

பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். தலைமை ஆசிரியை சின்னப் பெண். என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பீரோவின் அடித்தட்டிலிருந்து செல்லரித்த ரிஜிஸ்டரை எடுத்து, என் பெயரைக் கண்டுபிடித்து, விரலை வைத்துக் காட்டினார். நின்ற தேதி இருந்தது. காரணம் என்ற இடத்தில் பெற்றோர் விருப்பம் என்று எழுதியிருந்தது. டி.சி. வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக ஓரத்தில் ஊதா மையில் ஒரு கைநாட்டு.

அது அம்மாவின் கட்டைவிரல். சந்தேகமே இல்லை. மீன் அரியும்போது அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டு, அந்தப் புண்ணோடேயே உப்பு வாரப் போய், ஆறாமல் ஆறாமல் கடைசியில் குறுக்கே ஒரு பள்ளமாகத் தங்கிப்போன தழும்பு. ரேகைகளுக்கு நடுவில் மை படாத வெள்ளைக் கோடு, நுனியில் கொஞ்சம் வளைந்து. அந்த விரல் என் நெற்றியில் எத்தனையோ தரம் விபூதி வைத்திருக்கிறது. போனில் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். மூன்று தரம் எடுத்தேன்.

மறு வாரம் பாண்டிச்சேரி. பிறப்பு இறப்பு பதிகிற அந்த ஆபீஸில் ஓய்வு பெறுகிற வயதில் ஒருவர் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருஷத்துப் பதிவேட்டைக் கொண்டுவந்து, எச்சில் தொடாமல் ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டுத் தள்ளினார். எனக்கு எதிரில் ஒரு பெஞ்சு. அதன் நுனியில் உட்கார்ந்திருந்தேன். மனசுக்குள் வேண்டிக்கொண்டேன், எதற்காக வேண்டிக்கொண்டேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அகப்பட வேண்டும் என்றா, அகப்படக் கூடாது என்றா?

"இங்க வாப்பா" என்றார்.

போனேன். இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவர் படித்துச் சொன்னார். அப்பாவின் பெயர். தாத்தாவின் பெயர். வயது. சொந்த ஊர் மரக்காணம். தொழில் கூலி. இருந்த இடம் குயிலாப்பாளையம். செத்தது இங்கே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில், காய்ச்சலில்.

"தகவல் குடுத்தது மனைவி" என்று கடைசியாகச் சொன்னார்.

மனைவி என்றதும் எனக்கு வேறு மாதிரிதான் ஓடியது. அங்கே ஒரு குடும்பம் வைத்திருந்தாரா? எனக்குத் தம்பி தங்கை உண்டா? அவர் விரலை நகர்த்தினார். அந்த வரியின் முடிவில் ஒரு கைநாட்டு. கறுப்பு மை. குறுக்கே வெள்ளைக் கோடு. நுனியில் கொஞ்சம் வளைந்து.

போனை எடுத்துப் பள்ளிக்கூடத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அவரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"உங்கம்மா வந்து அடையாளம் காட்டிக் கைநாட்டு வெச்சிருக்காங்களேப்பா. நீ ஒரு வருஷத்துக்கு மேலா தேடறேன்ங்கற. அவங்க வீட்ல சொல்லலியா?"

"மறந்துட்டாங்க போல சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"சர்டிபிகேட் வேணுமா? எழுதிக் குடு, தர்றேன்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று இரண்டு தேதியையும் விரல் விட்டு எண்ணினேன். கணக்கில் முட்டை வாங்கியவன் ஆயிற்றே, மறுபடி எண்ணினேன். மூன்றாம் தரமும் எண்ணினேன். அப்பா செத்த நாளிலிருந்து பதினாறு நாள். பதினேழாம் நாள் என் டி.சி.யை வாங்கியிருக்கிறாள். முட்டைக்காக நிறுத்தவில்லை.

அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது. காலையில் உப்பு லாரி ஓட்டுகிற ஒருவர் வாசலில் நின்று அம்மாவிடம் ஏதோ சொன்னார். பாண்டியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லி என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அதே லாரியில் ஏறிப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது தலை ஈரமாக இருந்தது. சேலையும் ஈரம். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போனேன். "தொடாத" என்று கத்திவிட்டு, நேரே பின்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு மறுபடியும் ஊற்றிக்கொண்டாள். அன்றைக்கு எங்கள் ஊரில் சுள்ளென்று வெயில்.

"அங்க மழையாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா. பாண்டியில மழை."

அந்தப் பதினாறு நாளும் அவள் எப்படி இருந்தாள் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். வீட்டில் மீன் சமைத்தாளா? அழுதாளா? ஒன்றும் அகப்படவில்லை. நான் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது யார்? வைக்க வேண்டியவன் பக்கத்து வீட்டில் கோலிகுண்டு விளையாடிக்கொண்டிருந்தான். பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

திரும்பும்போது பொம்மையார்பாளையத்தில் இறங்கி, மேற்கே குயிலாப்பாளையத்துக்கு நடந்தேன். மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத இடம். எத்தனையோ தரம் அந்த வழியாகப் போயிருக்கிறேன். கடைத்தெருவில் துணிக்கடை, ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற கடை, கண்ணாடிக்குள் கேக்கு வைத்த கடை. அந்தப் பக்கம் வந்து குடியேறிய வெள்ளைக்காரர்கள் செருப்பில்லாமல் நடந்தார்கள். அவர்கள் காடு வளர்க்கக் கூலிக்கு ஆள் எடுத்த காலத்தில் அப்பா இங்கே எந்தக் குழியை வெட்டினார், எந்த மரத்தை நட்டார் என்று யாரைக் கேட்பது? ஒரு டீ சொன்னேன். கடைக்காரர் "எந்த ஊருங்க?" என்றார். ஊரைச் சொன்னேன். "உப்பு ஊரா?" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். டம்ளரை வைத்துவிட்டு வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சுவர்களையும் வேலிகளையும் பார்த்துக்கொண்டே ரோட்டுக்குத் திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவின் படத்துக் கண்ணாடியில் குங்குமம் வைப்பேன். அந்த வெள்ளிக்கிழமை வைக்கவில்லை. விரலில் குங்குமத்தை எடுத்துவிட்டேன், கை போகவில்லை. கோபம். அந்தப் பெண்ணின் தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு கேட்டாரே, இல்லை என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வீடு இருந்திருக்குமே! காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாயே! படத்தைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டுவிடுமோ என்று உடனே பயந்து நிறுத்திக்கொண்டேன்.

ஏன் மறைத்தாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. முப்பது வயசுகூட ஆகாதவள். புருஷன் வருவான் என்று சொன்னால்தான் உப்பளத்தில் ஆண்கள் தள்ளி நிற்பார்கள் என்று நினைத்திருக்கலாம். முதல் கூடைக்காக இருக்கலாம்; தள்ளி நில் என்று அவளை யாரும் சொல்லக் கூடாது என்று. அல்லது, முதலில் எனக்குச் சொல்ல வாய் வராமல் இருந்து, அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போயிருக்கலாம். எனக்கு இந்தக் கடைசிதான் சரியாகப் படுகிறது. நானும் அப்படிப்பட்ட ஆள்தான்.

கோபம் கொஞ்சம் அடங்கியதும் என் பழைய குணம் வேறு பக்கம் திரும்பியது. இது வெளியே தெரிந்தால்? இத்தனை வருஷம் ஒரு தாலியறுத்தவளா முதல் கூடை தூக்கினாள் என்பார்கள். மாசியில் மழை பெய்து உப்பெல்லாம் கரைந்த வருஷங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் தலையில் வைப்பார்கள். காலைத் தொட்டுக் குங்குமம் எடுத்துக்கொண்ட பெண்கள் வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலும் அவள் பேர்தான் அடிபடும். எங்கள் ஐயரிடம் அப்பா செத்துவிட்டார் என்று சொன்னால், எப்போது என்பார். அம்மாவுக்கு முன்னாலா, பின்னாலா என்பார். அவரிடம் சொல்வதும் தெருவில் சொல்வதும் ஒன்று. இதை எழுதும்போதும் ஒருவர் பெயரையும் போடாததற்கு அதுதான் காரணம். உப்பளம் இங்கே நிறைய இருக்கிறது, முதல் கூடை தூக்கிய பெண்களும் நிறைய.

தை அமாவாசைக்கு விடியற்காலையில் பாண்டி பஸ் ஏறினேன். கடலோரத்தில் ஜனம் நிறைய. தெரியாத ஒரு ஐயர் முன்னால் வரிசையாகப் பத்துப் பேர் உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தது.

"அப்பா, அம்மா ரெண்டு பேரும் இல்லையா?"

"இல்லீங்க சாமி."

"யாரு முன்னால போனது?"

உள்ளங்கையில் எள் ஒட்டியிருந்தது. கையில் எள்ளை வைத்துக்கொண்டு பொய் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. அவர் அவசரத்தில் இருந்தார். பின்னால் அடுத்த வரிசை நின்றுகொண்டிருந்தது.

"அம்மாங்க."

"மஞ்சள் குங்குமத்தோட போயிருக்கா. நல்லது. அப்பா பேரைச் சொல்லிக் கட்டைவிரல் பக்கமாச் சாய்ச்சு விடு."

பேரைச் சொன்னேன். எத்தனையோ வருஷமாக என் வாயால் சத்தமாகச் சொல்லாத பேர். தண்ணீர் கட்டைவிரலில் இறங்கித் தட்டில் விழுந்தது. மூன்று தரம் விடச் சொன்னார். மூன்றாவதை விட்டேனா இல்லையா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஆச்சுய்யா, எழுந்திரு" என்றார் ஐயர்.

நான் இன்னொரு தரம் விட்டுவிட்டுத்தான் எழுந்தேன். கடலில் இறங்கி முழுகினேன். துண்டு கொண்டுபோக மறந்திருந்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா மகன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கடா காலையில இருந்து ஆளைக் காணோம்?"

"பாண்டிக்குண்ணே. கண் ஆஸ்பத்திரிக்கு."

"உங்கப்பா விஷயம் ஏதாவது தெரிஞ்சுதா? ஐயர் கேட்டுக்கினே இருக்காரு."

உள்ளே போய்க் கவரை எடுத்துவந்து அந்த ஐந்து காகிதத்தையும் அவர் மடியில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டி, சீலைப் பார்த்து, தலையாட்டினார்.

"கவர்மெண்டே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டான். அப்போ இருக்காருன்னுதான் வச்சிக்கணும்."

"ஆமாண்ணே. அப்படியே சொல்லிடுங்க."

காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தலை இன்னாடா இவ்ளோ ஈரமா இருக்குது?"

"பாண்டியில மழைண்ணே" என்றேன்.

"தை மாசத்துலயா?"

நேரே பின்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டேன். பிறகு உள்ளே வந்து, வெள்ளிக்கிழமை இல்லையென்றாலும், அம்மாவுக்குக் குங்குமம் வைத்தேன்.